பாலத்தில் வெட்டிய கேபிள்

கண்டியிலிருந்து கம்பளைக்கு ஃபைபர் கேபிள் இழுத்தவர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பல்லேகலவில் ஒரு தொழிற்சாலை, அக்குறணையில் ஒரு கடை என்று எதிலும் தரிக்காமல் இந்த வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். போர்க்காலம். தெருவோரம் குழி தோண்ட அனுமதி வேண்டும். தோண்டுகிறவர்களின் பெயர்கள் பொலிசில் இருக்க வேண்டும். கேபிள் அறுந்தால் முதலில் தேடப்படுவதும் அந்தப் பெயர்கள்தான். எங்களில் தமிழர்கள் இரண்டு பேர்: நானும், யாழ்ப்பாணத்து எஞ்சினியரும்.

கேபிள்கள் இரண்டு. ஒன்று ஆற்றோரமாக, மற்றது மலையைச் சுற்றி வேறு பாலத்தால் போகவேண்டும். இரு முனையிலும் கந்தோர்களில், அதாவது தொலைபேசி அலுவலகங்களில், உள்ள பெட்டிகள் ‘இருக்கிறாயா’ என்று ஒன்றையொன்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்தடுத்துப் பதில் வராவிட்டால், அந்தப் பாதை செத்தது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் மற்றப் பாதைக்குத் திருப்பிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. எனக்கு அது பிடித்திருந்தது. தமிழர்களுக்கு எதிரான கலவரத்தின்போது கடைத்தெரு எரிகிறது என்று கேள்விப்பட்ட பிறகும் அப்பா நிச்சயமான சேதிக்காகக் காத்திருந்தார். சேதி தீயாக எங்கள் கூரைக்கே வந்தது. பின்கதவு இருந்ததால் உயிரோடு வெளியேறினோம்.

மலைப் பாதைக்கு இராணுவம் அனுமதி தரவில்லை. இரண்டு கேபிளையும் ஆற்றுப் பாலத்தில் ஒரே குழாய்க்குள் விடச் சொன்னார் எஞ்சினியர்.

“ரெண்டும் ஒண்ணா அறுந்தா எந்தப் பக்கம் சார் திரும்பும்?”

“ஓம், எனக்கும் தெரியும். கந்தோரில ஒரு பிளக்கைக் கழட்டித்தான் சோதிப்பினம். அது பாஸாகும்.”

“அப்புறம் அறுந்தா நம்ம ரெண்டு பேரையும்தான் தேடி வருவாங்க. நான் விடமாட்டேன்.”

“அப்ப வீட்ட போ.”

“போறேன். சோதனை அன்னைக்கு வந்து, பிளக்க விடுங்க, பாலத்துல வெட்டிப் பாருங்கன்னு பெரியவங்ககிட்டயே சொல்றேன்.”

“உனக்கு விசர் பிடிச்சிட்டுது,” என்றார்.

மறுநாள் அனுமதி கேட்டு இராணுவ முகாமுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. சிங்களத்தில் நான்தான் பேசினேன். விரட்டினார்கள், மறுபடி போனோம். கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய்க் கையெழுத்து வைத்தார்கள். மலைப் பாதையில் கேபிள் போனது.

சோதனை நாளில், பிளக்கைக் கழற்றினால் போதும் என்றார்கள் மேலதிகாரிகள். “பாலத்தில வெட்டுவம், பிறகு ஒட்டலாம்,” என்ற எஞ்சினியர் கட்டரை என்னிடம் நீட்டினார்.

பாலத்தில் காவல் நின்ற சிப்பாய், என்ன வெட்டுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கேபிள் என்றேன். அது அறுந்தால் உன்னைத்தானே பிடிப்பார்கள் என்றான். அதனால்தான் நீ பார்க்க வெட்டுகிறேன் என்றேன்.

கண்டிக் கந்தோரும் கம்பளைக் கந்தோரும் அந்தக் கேபிள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தன. வெட்டினேன். எஞ்சினியர் கைபேசியில் கண்டியை விசாரித்தார்.

“இன்னும் கதைச்சுக்கொண்டுதான் இருக்கினம்,” என்றார். “கம்பளையில மழையாம்.”

சிப்பாய் காவல் பதிவுப் புத்தகத்தை எடுத்து என் பெயரைக் கேட்டான். அப்பா பெயரோடு சேர்த்து, பாலத்தின் அந்தக் கரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.