நல்ல விளக்கு எந்தப் பக்கம்

என் கணவரின் வலது கை தோளுக்கு மேலே எழாது. மில்லில் வேலை பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்த பெல்ட் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததில் தோள்மூட்டு இறுகிப் போய்விட்டது. பக்கவாட்டில் நீட்டவும் முடியாது. மணிக்கட்டு மட்டும் நன்றாக வேலை செய்யும். ஸ்பேனர் பிடிப்பார், சோறு பிசைவார், என்னைப் பார்த்து விரலை ஆட்டிக் கோபிப்பார். மில்லை விட்டபின் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் எண்ணெய் இஞ்சின்களைப் பழுது பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அத்தனை சாமானையும் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்க அந்தத் தோள் இடம் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கப்பலேறித் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு இஞ்சினியர், தன் மோட்டார் சைக்கிளை இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். அகலமான கைப்பிடி, தாழ்ந்த இருக்கை, எருமை மாதிரி உடம்பு. கைப்பிடியின் இரண்டு முனைகளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்கு மஞ்சள் விளக்குகள். இடது கட்டைவிரலால் ஒரு சுவிட்சைத் தள்ளினால் திரும்பப் போகிற பக்கத்து விளக்கு எரியும். ஊரில் மற்றவர்கள் எல்லாம் கையை நீட்டித்தான் திரும்பினார்கள். கையை நீட்ட முடியாதவருக்கென்றே அந்த வண்டி கடல் தாண்டி வந்திருக்கிறது என்று நான் நம்பினேன். வந்த அன்றே அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். அவர் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போனபின் ஊரில் பல விஷயங்கள் மாறின. அதில் ஒன்று, வண்டி ஓட்டும் பக்கம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் போகும். இனிமேல் இடப்பக்கம் என்றார்கள். கொஞ்ச நாள் எல்லாரும் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் திரிந்தோம். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒருநாள், பெரிய மார்க்கெட் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போனோம். திரும்பி வந்தால் வண்டி தரையில் படுத்துக் கிடக்கிறது. மூட்டை ஏற்றிய கைவண்டி இடித்துவிட்டதாம். இடித்த பக்கத்து விளக்கும் தூள், விழுந்த பக்கத்து விளக்கும் தூள். சரியாக அதே மாதத்தில்தான், வண்டி ஓட்டப் பிரெஞ்சுக் காலத்தில் கொடுத்த 'பெர்மி' இனிச் செல்லாது, எல்லாரும் புது லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் மதராஸ் பக்கத்துக்காரர். என் கணவரின் தோளையும் உடைந்த விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கைய நீட்ட முடியலன்னா வெளக்காவது எரியணும். ரெண்டு பக்கமும் எரியணும். அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுங்க. இல்லன்னா லைசென்ஸ் தர முடியாது" என்றார்.

லைசென்ஸ் இல்லையென்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் இஞ்சின் வேலை இல்லை. அன்று இரண்டு பேருக்கும் கத்தரிக்காய்க் குழம்பு இறங்கவில்லை.

விளக்கு வாங்க நானும் கூடப் போனேன். அவரைத் தனியாக விட்டால் கடைக்காரர் எதை நீட்டினாலும் பிரெஞ்சில் நன்றியாக ஒரு 'மெர்சி' சொல்லி வாங்கி வந்துவிடுவார். பழைய பிரெஞ்சு வண்டிகளின் சாமான் விற்கும் கடை அது. கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். பஸ்ஸின் ஓர விளக்கு ஒன்று வந்தது. அதை மாட்டினால் கைப்பிடியே ஒருபக்கம் சாய்ந்துவிடும். சைக்கிளின் பின்னால் வைக்கிற சிவப்புக் கண்ணாடி வந்தது. அதை நான் கையில்கூட வாங்கவில்லை. கடைசியில் அடியிலிருந்து எங்கள் விளக்கின் அசல் ஜோடி வந்தது. ஆனால் ஜோடியில் ஒன்றுதான். துடைத்துப் பாட்டரியில் தொட்டுக் காட்டினார். பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று எரிந்தது. இன்னொரு பக்கத்துக்கு உள்ளூரில் செய்த தகர விளக்குதான் கிடைத்தது. கையால் மறைத்துப் பார்த்தால்தான் எரிவது தெரியும். மதராஸிலிருந்து வரவழைக்க ஒரு மாதமாகும் என்றார்.

ஆக, நல்ல விளக்கை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு சபையே கூடிவிட்டது. கடைக்காரர், அவருடைய மெக்கானிக், பிரெஞ்சுக் காலத்தில் தெருமுனையில் நின்று வண்டிகளை நிறுத்திய பழைய போலீஸ்காரர் ஒருவர், நாங்கள் இரண்டு பேர்.

"லெப்ட்டுலதான் மாட்டணும். அந்தப் பக்கம் திரும்பறப்பதான் ஆபத்து" என்றார் மெக்கானிக்.

"நான் எத்தினி பேர தூக்கிவுட்டிருக்கேன். எல்லாம் எடது பக்கம் திரும்பி அடிபட்டவங்கதான்" என்றார் போலீஸ்காரர்.

என் கணவர் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். நான்தான் பொறுக்காமல், "இதுல யோசிக்க இன்னாங்க இருக்குது? எடது பக்கம் மாட்டச் சொல்லுங்க" என்றேன். அந்தக் கடையில் என் குரல்தான் பெரிய குரல். மாட்டிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்கு முந்தின நாள் மத்தியானம், டவுனிலிருந்து முதலியார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் சுவிட்சைத் தள்ளியதைப் பார்த்தேன். தகர விளக்கையும் பார்த்தேன். வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அப்போது பின்னால் ஹாரன் கேட்டது. திரும்பினேன். ஒரு பஸ் எங்களை முந்துவதற்காக வலப்பக்கமாகவே ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் கைப்பிடியைத் திருப்பிவிட்டார்.

நான் யோசிக்கவில்லை. என் வலது கை தானாக நீண்டது. தோள் வரைக்கும் நேராக, விரலெல்லாம் விரித்து நீண்டது. பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. பஸ்ஸின் முன்பக்கத் தகரம் என் கையை உரசிக்கொண்டு நின்றது. கண்ணாடி வளையல் அத்தனையும் நொறுங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறி ரத்தம் வந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. அவர் வண்டியைச் சாய்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். விழுப்புரத்துக்காரர்.

"வெளக்கு போடாம திரும்பறீங்களே, இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க?"

"வெளக்கு எரியுதுங்க" என்றார் என் கணவர்.

டிரைவர் குனிந்து தகர விளக்கைப் பார்த்தார். பிறகு இடப்பக்க விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது.

"நல்லத கொண்டுபோய் லெப்ட்டுல மாட்டி வச்சிருக்கீங்க. லெப்ட்டுல திரும்புனா ஓரத்தோட ஓரமா போயிடப் போறீங்க. ரைட்டுலதான் ரோட்டயே குறுக்க கடக்கணும். எந்த ஊருங்க நீங்க?"

நாங்கள் இந்த ஊர்தான். வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இடப்பக்கம் திரும்பினால்தான் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தக் காலம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கடையில் நின்ற ஐந்து பேரும் தினமும் இடப்பக்கம்தான் போய் வருகிறோம். அதில் ஒருவர் போலீஸ்காரர். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. போகிற பக்கத்தை மாற்றிக்கொண்டோம், பயப்படுகிற பக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யோசிக்க நின்ற ஒரே மனுஷரையும் நான்தான் யோசிக்க விடவில்லை. அவரைக் கொல்லப் பார்த்தது பஸ் இல்லை, என் வாய் என்று அங்கேயே நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அவரே இரண்டு விளக்குகளையும் இடம் மாற்றினார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் அவரை ஓட்டச் சொன்னார். நான் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றேன். முதலில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். தகர விளக்கைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இத சீக்கிரம் மாத்திடச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார். பிறகு வலப்பக்கம் திரும்பும்படி அவருக்குக் கைகாட்டினார். பின்னால் எந்த வண்டியும் இல்லை, மைதானமே காலியாகக் கிடந்தது. அவர் கட்டைவிரல் சுவிட்சைத் தள்ளியது.

இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எறக்கும்மா" என்றார். "வெளக்கு நல்லா தெரியுது."

அப்போதுதான் பார்த்தேன். கட்டுப் போட்ட என் வலது கை, தோள் வரைக்கும் நேராக, விரலெல்லாம் விரித்து நீண்டிருந்தது. அதை இறக்க எனக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது.