அடுப்புமேட்டு ஊற்று

மெரெரிட்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சு அவள். மணி அடிப்பதற்குள் பையை மாட்டிக்கொண்டு பாதி எழுந்து நிற்பாள். கோயிலில் போதகர் கடைசி ஜெபத்துக்கு மூச்சு இழுக்கும்போதே இவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டு முடித்திருப்பாள். வேகுமுன் அடுப்பைத் திறந்து திறந்து பார்த்தே அவள் சுட்ட கேக்கெல்லாம் நடுவில் குழி. "சாவு வந்தாக்கூட இவ பாதி வழி எதிர்ல போயி கூட்டிட்டு வருவா" என்பான் அவள் புருஷன் யெஸ்டின். பாவம், அவன்தான் முதலில் போனான். அதற்குப் பிறகு மலையும் செம்மறிகளும் அவள் ஒருத்தி தலையில்.

முகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மேய்ச்சல், இந்தப் பக்கம் என்னுடையது. நடுவில் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. ஆடுகளுக்குத் தெரியும். தாய் எந்தச் சரிவில் மேய்ந்ததோ அங்கேதான் குட்டியும் மேயும், அதன் குட்டியும் அப்படியே. அந்தப் பழக்கம் ஒரு கோடையில் அறுந்துபோனால் போனதுதான். சந்தையில் புது ஆடு வாங்கி விட்டாலும் நிற்காது. பழகிய ஆடு இல்லாத மலையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் பிழைத்ததில்லை.

அவள் பக்கத்தில் ஒரு ஊற்று. அதன் ஓரம் லாடம் போல வளைந்த புல்மேடு. உள்ளே பூராவும் வெடித்த கல்லும் கரியும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கறி வேகவைத்தார்களாம். வெடித்த கல்லை ஓரமாக அள்ளிக் கொட்டிக் கொட்டி மேடாகிவிட்டது. அடுப்புமேடு என்போம். அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் அங்கே ஒரு குச்சிகூட ஊன்றக்கூடாது. மேட்டைப் பார்வையிட அவ்வப்போது எலெரி என்கிற பெண் வருவாள். அவளுக்கு டீயும் திராட்சை ரொட்டியும் கொடுத்துக்கொண்டே மெரெரிட் வாயாடுவாள்.

"எவனோ அன்னைக்குக் கறி வேக வச்சான். அவன் அடுப்புக்கு நான் காவலா? ஒரு எலும்புத் துண்டாவது எனக்கு மிச்சம் வச்சானா?"

"அக்கா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா விட்டாப் போதும்" என்பாள் எலெரி.

சும்மா விடுவதாம். யாரிடம் போய் என்ன கேட்கிறாள் பாருங்கள்.

போன வருஷம் வசந்தத்திலேயே மழை நின்றுவிட்டது. சதுப்பெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மெரெரிட் பக்கத்து ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றின. கடைசியில் மிஞ்சியது அடுப்புமேட்டு ஊற்று மட்டும். லாடத்தின் நடுவே சின்னக் குட்டையாகத் தண்ணீர் தேங்கும். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு குடிக்கும். பாதிக்கு வெறும் சேறு. என் பக்கத்து ஓடையில் மட்டும் தண்ணீர் இருந்தது. அந்த வாசனை முகடு தாண்டி அவற்றுக்கு எட்டியது. அவை தாண்டிவிடாமல் அவள் காலையும் மாலையும் நாயைக் கூட்டிக்கொண்டு முகட்டில் அங்குமிங்கும் நடந்தாள். ஜன்னல் வழியே அவள் தலை போவதையும் வருவதையும் பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தொட்டி வைக்க அனுமதி கேட்டாள். எலெரி உடனே மேலிடத்துக்கு அனுப்பினாள். "கொஞ்ச வாரம் ஆகும் அக்கா, பொறுத்துக்குங்க" என்றாள்.

மெரெரிட் நாலு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் கரி.

"தண்ணி போச்சுடா, இத்தல்."

"எங்க போச்சு?"

"கீழ போச்சு. குட்டைய கொஞ்சம் ஆழமாக்கலாம்னு மண்வெட்டிய போட்டேன். அடியில வழவழன்னு களிமண்ணு. அதையும் குத்திட்டேன். குடுகுடுன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அடுப்புக்காரர்கள் தொட்டிக்கு அடியில் களிமண் பூசியிருந்தார்கள். அத்தனை காலமும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது அவர்கள் பூச்சுதான். இவள் அதை ஓட்டை போட்டுவிட்டாள்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று கத்தினேன்.

"இருந்தா உன் வாசலுக்கு ஏன் வரேன்?"

எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தாகத்தில் ஆடுகள் இனி என் ஓடைக்குத்தான் வரும். கோடை முழுக்க என் புல்லைத் தின்றால் அந்த வருஷத்துக் குட்டிகளுக்கு என் மலைதான் வீடு. அவள் மலை செத்துவிடும்.

முதலில் எலெரிக்கு போன் செய்யச் சொன்னேன். அவளே செய்தாள், மழுப்பாமல் சொன்னாள். மறுநாள் எலெரி வந்து குழியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தோம். அவள் கண் கலங்கி நின்றாள். அதற்குத் திட்டே தேவலை. விசாரணை வந்தது, எழுத்தில் எச்சரிக்கை வந்தது. நிபுணர்கள் வந்து குழியைக் களிமண்ணால் மூடினார்கள். வெயிலில் ஊற்று மட்டும் திரும்பவில்லை.

"குடிக்க விடு" என்றாள் மெரெரிட் என்னிடம். "ஆனா ஒரு வாய் புல்லு திங்க விடாத. தலைய தூக்கின உடனே விரட்டு. எனக்காக இல்ல, அந்தக் குட்டிங்களுக்காக."

அன்று முதல் எனக்கும் உட்கார நேரமில்லாமல் போனது. அவள் முகட்டில், நான் ஓடையில். காலையில் ஆடுகள் இறங்கும், குடிக்கும், என் நாய் பெரோ பின்னாலேயே போய் மேலே தள்ளும். சாயங்காலம் மறுபடியும். பசும்புல்லை மிதித்துக்கொண்டு காய்ந்த மலைக்குப் போகிற ஆடுகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மேலிருந்து அவள் விசில் வந்தது. விரட்டினேன்.

அறுவடைத் திருநாளுக்கு முன்வாரம் மழை பிடித்தது. ஒரே வாரத்தில் அவள் ஓடைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. மழை விட்ட அன்று நனைந்த கோட்டோடு வந்தாள்.

"நாளைக்கு நீயும் நிக்காத, நானும் நிக்கல. நாய்ங்களைக் கட்டிப்போடு. பழக்கம் இருக்கா போச்சான்னு பாத்துடுவோம்."

காலையில் என் முற்றத்தில் மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். என் துணிக்கொடியை முறுக்கி முறுக்கிப் பிய்த்தே விட்டாள்.

"சொல்லித் தொலையேன்டா."

"வருது" என்றேன். கிழட்டு ஆடு ஒன்று முன்னால், குட்டிகள் பின்னால். அங்கே அவ்வளவு தண்ணீர் இருந்தும் முகடு தாண்டி என் ஓடைக்கே இறங்கின.

"அப்ப போச்சு."

"இருடி."

குடித்தன. கிழட்டு ஆடு தலையைத் தூக்கிப் பெரோ வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. சுற்றிலும் என் புல், முழங்கால் உயரம். அது திரும்பி மேலே நடந்தது. குட்டிகள் வரிசையாகப் பின்னால் போயின. விரட்ட யாருமே இல்லை.

"மெரெரிட், திரும்பிப் பாருடி."

பார்த்தாள். யெஸ்டினைப் புதைத்த அன்றுகூட அழாதவள், என் முற்றத்தில் நின்று வாய்விட்டு அழுதாள்.

ஒரே ஒரு பெட்டைக்குட்டி மட்டும் பின்தங்கி என் புல்லில் வாயை வைத்தது. இரண்டு வாய் தின்றது. அப்புறம் முகட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடியது.

மெரெரிட் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தக் குட்டிய மட்டும் நான் விக்க மாட்டேன்" என்றாள்.