எண்ணெய் பட்ட ரப்பர்

கல்யாணமான புதிதில், குளிக்கும்போதுதான் அந்த எரிச்சலை முதலில் கவனித்தேன். முன்தோலின் விளிம்பில் மெல்லிய வெடிப்பு. இரண்டு நாளில் ஆறியது. ஆறிய இடம் முன்னைவிட இறுகியது. அடுத்த மாதம் மறுபடி வெடித்தது. நான் மலேசியாவின் ஈப்போ நகரில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். கையில் வெட்டுப்பட்டால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறவன். இதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

இதே தொல்லையை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கும் யாராவது ஒருவர் படிப்பார் என்றுதான் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஏன் டாக்டரிடம் போகவில்லை? வெட்டிவிடுவார்கள் என்ற பயம். நான் பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அங்கே ஒரு பெரியவருக்குச் சர்க்கரை வியாதியால் புண் வந்து, ஆஸ்பத்திரியில் முன்தோலை எடுத்துவிட்டார்கள். அவர் வீடு திரும்புவதற்குள் தோட்டம் முழுக்கப் பேச்சு. "அவரு சுன்னத் பண்ணிக்கிட்டாராம்லா. மதம் மாறிட்டாரா என்ன?" பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு கோயில் திருவிழாவில் ஓரமாகத்தான் நின்றார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பேச்சைத் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

மகள் பிறந்தபோது விஷயம் என் உடம்போடு நிற்கவில்லை. என் மனைவி தேவிக்கு ஏழாம் மாதமே ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நோய்) வந்துவிட்டது. முகம் வீங்கி, கண் மங்கி, வலிப்பு வரும் நிலையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்முன் பெண் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு வருடத்துக்கு இன்னொரு கர்ப்பம் கூடாது, அவசரப்பட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து என்றார். வழக்கமான கருத்தடை மாத்திரை இவள் ரத்த அழுத்தத்துக்கு ஒத்துவராது. ஊசி போடலாம், கருப்பைக்குள் கருவி வைக்கலாம் என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "அவ உடம்பு பட்டது போதும் டாக்டர். நானே ஆணுறை போட்டுக்கிறேன்."

தேவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

வாக்குக் கொடுத்தாயிற்று, போடத்தான் முடியவில்லை. பெட்டிக்குள் இருந்த காகிதம் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மாட்டச் சொன்னது. ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். ரத்தம் வந்தது. தள்ளாமல் மாட்டினால் உறை தோலைப் பிடித்து இழுத்தது. நம் வீடுகளில் தலைவலியிலிருந்து தீக்காயம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, தேங்காய் எண்ணெய். அதையே தடவினேன். வலி பாதியாகக் குறைந்தது. அடடா, இவ்வளவு சுலபமா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரம், உறை நுனியில் கிழிந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். தேவி எழுந்து குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

நான்கு நாள் சொல்லவில்லை. ஒருமுறைதானே, ஒன்றும் ஆகாது என்று பட்டறையில் நட்டு முடுக்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை தேவிக்குத் தலை வலித்தது. வீட்டிலிருந்த ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றினாள். அது காற்று நிறைந்து அவள் கையை இறுக்குவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நாலு நாளா ஏங்க சொல்லல?"

"பயந்துட்டேன் தேவி."

"நீங்க பயந்தீங்க. ஏதாச்சும் ஆனா போய்ச் சேரப்போறது யாரு?"

அவள் அழவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். "கிளம்புங்க. கிளினிக் போலாம். உங்களையும் பாக்கணும்."

அரசாங்கக் கிளினிக்கில் இருந்தவர் மலாய் மருத்துவர். என்னைவிட இளையவர். மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். முதலில் தேவியைத்தான் கவனித்தார். அவசரக் கருத்தடை மாத்திரை (உறை கிழிந்தால் உடனே போட வேண்டியது) ஒன்று இருக்கிறதாம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். "முதல் மூன்று நாளுக்குள் வந்திருந்தால் நல்லது. இப்போதும் கொடுக்கிறேன். உறுதி மட்டும் சொல்ல முடியாது" என்றார். தேவி என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்து என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். ஃபைமோசிஸ் (முன்தோல் இறுகிப் பின்னால் நகராமல் போவது) என்றார்.

"வெட்டணுமா டாக்டர்?"

"அதற்குப் பயந்துதான் வரவில்லையா?" அவர் சிரிக்கவில்லை. "முதலில் களிம்பு கொடுக்கிறேன். பெரும்பாலும் அதிலேயே தளர்ந்துவிடும். ஒருவேளை வெட்ட நேர்ந்தாலும் அது வைத்தியம். உங்கள் சாமியை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்."

பிறகு உறையோடு என்ன தடவினேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"மோட்டார் மெக்கானிக்."

"டயரில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்?"

டயரில் எண்ணெய் படவிடாதே, ரப்பர் கெட்டுப்போகும் என்று தினமும் வாடிக்கையாளர்களைத் திட்டுகிறவன் நான். அந்த உறையும் மரத்துப் பால்தான். பால் வெட்டியவர் மகனுக்கு இதுகூடத் தெரியவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தோல் இறுக்கமாக இருந்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். தோல் முன்னால் இருந்தபடியே, நுனியில் கொஞ்சம் இடம் விட்டு உறையை மாட்டலாம். ஒரு அளவு பெரியதை வாங்கிப் பாருங்கள். வழுவழுப்புக்குத் தண்ணீரில் செய்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். எண்ணெய், வாசலின், லோஷன் எதுவும் ரப்பர் உறைக்கு ஆகாது. தோலைப் பின்னால் இழுத்தால் மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். அங்கேயே மாட்டிக்கொண்டு வீங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எனக்குக் கொடுத்தது ஸ்டீராய்டு களிம்பு (தோலின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து). தினம் இரண்டு வேளை தடவி, வலிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாக இழுத்துவிட வேண்டும். அதிலும் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் உறை போடும்முன் கழுவிவிட வேண்டும்.

தேவிக்கு மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போனது. அந்தப் பத்து நாளும் வீட்டில் அவசியப் பேச்சு மட்டும்தான். பட்டறையில் போன் அடித்தால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். பதினோராம் நாள் சாயங்காலம் அவள் குளியலறையிலிருந்து வந்து, "வந்துருச்சு" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அத்தனை நாள் அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள். தொடப்போனேன். "இப்ப வேண்டாங்க" என்றாள். நான் தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

களிம்புக்கு எட்டு வாரம் பிடித்தது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள், குளிக்கும்போது, தோல் வலிக்காமல் நகர்ந்தது. முப்பது வயதுக்கு மேல் என் உடம்பை நான் புதிதாகப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அந்த நான்கு நாள்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது வலி இல்லை. தேவியும் ஊசி போட்டுக்கொள்கிறாள், அவளாகவே கேட்டு. ஆனாலும் நான் உறையை விடவில்லை. ஒவ்வொரு முறையும், முடிந்த பிறகு, தேவி கையை நீட்டுகிறாள். கழற்றிய உறையை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போகிறாள். பட்டறையில் நான் பஞ்சர் ஆன டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதை எப்போதோ பார்த்திருக்கிறாள். குழாயைத் திறந்து உறையில் தண்ணீர் நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கிறாள்.

நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். அரை நிமிடம்கூட ஆகாது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இல்லை. குழாய் நிற்கிறது.

"ஒண்ணும் இல்லங்க" என்கிறாள் தேவி.