எல்லாரும் சேர்ந்துவிட்ட வகுப்பு

போன வருட நீண்ட விடுமுறையில் என் மகள் என்னோடு வேலைக்கு வந்தாள். கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடைமேடைக் கிராணி, அதாவது எடை எழுதும் குமாஸ்தா. பழக்குலை ஏற்றிய லோரி மேடைமேல் ஏறும், நான் எடையைப் பதிவேன், லோரி இறங்கிப் போகும். இதைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை ஆறு வாரம் உட்கார்ந்திருக்குமா என்றால், என் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எல்லா லோரிகளின் எண்ணும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது; லோரி தூரத்தில் வரும்போதே ஒரு நோட்டில் எழுதிவிடுவாள். லோரிக்காரர்கள் அவளுக்கு பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வந்து கொடுப்பார்கள். அவள் வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். வெளியாட்களிடம் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

இந்த வருடம் மேலாளர் முந்திக்கொண்டார். "இது ஆலையா, பாலர் பள்ளியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மனைவிக்கு கிளினிக்கில் வேலை. "ஏதாவது ஒரு லீவு கிளாஸ்ல சேத்து விடுங்க. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றாள். கல்யாணமாகி பதினான்கு வருடத்தில் நானே முடிவு பண்ண வேண்டிய முதல் காரியம். எனக்கு உடனே வியர்த்தது.

கைப்பேசியில் விளம்பரங்கள் வந்து குவிந்தன. நீச்சல், பரதம், ஓவியம், ரோபோட்டிக், குதிரையேற்றம்கூட இருந்தது. நீச்சல் என்றால் மூழ்கிவிடுவாள். குதிரை என்றால் விழுந்துவிடுவாள். பரதத்தில் கால் சுளுக்கும். ஓவியத்தில் என்ன ஆபத்து என்று அரை நாள் யோசித்து, சாயத்தைக் குடித்துவிடுவாள் என்று கண்டுபிடித்தேன்.

"அவளுக்கு ஒம்பது வயசுங்க" என்றாள் மனைவி. "சாயத்த ஏன் குடிக்கப் போறா?"

"தாகமா இருந்தா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகளையே கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எதுனாலும் ஓகேப்பா. தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் இருக்கணும். இல்லாட்டி நான் போமாட்டேன்."

இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பள்ளியிலும் முதல் வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்காத பிள்ளை அவள். யாரையும் தெரியாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அழக்கூட மாட்டாள். அப்படியே இருப்பாள்.

ஆக, நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் உள்ள பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் தோட்டத்தில் எதற்கும் யாரும் முதலில் போக மாட்டார்கள். ஒரு வீட்டில் ஏர்கோன் மாட்டினால் அந்த மாதமே லயம் முழுக்க ஏர்கோன் ஓடும். ஆனால் அந்த முதல் வீடு மனசு வைக்க மூன்று வருடம் ஆகும்.

பக்கத்து வீட்டில் தோட்டத்துக் கங்காணி, மண்டோர் என்போம். அவரைக் கேட்டேன். "அண்ணே, பாப்பாவ எதுல சேக்கப் போறீங்க?"

"நீ எதுல சேக்கிற?"

"நீங்க சேக்கிறத பாத்துட்டு..."

"நானும் அதான் லா பாத்துக்கிட்டு இருக்கேன்."

கடைசி வீட்டில் இருப்பவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவரும் இதையே சொன்னார். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டே இருந்தால் விடுமுறை முடிந்துவிடும். பதற்றத்தில் எனக்கு மூளை வேலை செய்யாது, குறும்பு மட்டும் வேலை செய்யும். மறுநாள் மண்டோரிடம் போய், "வேன்காரர் அவர் மகன ரோபோட்டிக்ல சேத்துட்டாராம்" என்றேன். வேன்காரரிடம் போய், "மண்டோர் அவர் மகள ரோபோட்டிக்ல சேத்துட்டாரு" என்றேன். இருவரும் "அப்படியா?" என்று ஒரே மாதிரி புருவத்தைத் தூக்கினார்கள்.

ஏன் ரோபோட்டிக்? விளம்பரத்தில் ஒரு பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான் காரணம்.

என் கணக்கு சுலபமானது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்த பிறகு என் பிள்ளையைச் சேர்ப்பேன். தெரிந்தவர் ஒருவராவது வேண்டும் என்றுதானே மகள் கேட்டாள், இரண்டு பேராகவே கொடுத்துவிடலாம். அவர்கள் உண்மையிலேயே சேர்ந்துவிட்டார்களா என்று உறுதியாகட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் டவுனில் கடைவரிசையின் மாடியிலிருந்த அந்த வகுப்புக்குப் போய், எந்தத் தோட்டம் என்று சொன்னேன்.

"சார், ஃபுல் ஆயிருச்சு" என்றார் பதிவு மேசையில் இருந்த பெண். "இருபது சீட்டுதான். எல்லாம் உங்க தோட்டத்துப் பிள்ளைங்க."

வேன்காரர் சும்மா இருக்கவில்லை. மண்டோரே தன் மகளைச் சேர்த்துவிட்டார் என்று தன் வேனில் வரும் அத்தனை பெற்றோரிடமும் சொல்லியிருக்கிறார். வேன் நிறைந்தது, வகுப்பும் நிறைந்தது. நான் போய்ச் சண்டை போட முடியுமா? போட்டால் முதலில் யார் பொய் சொன்னது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

படியிறங்கும்போது மண்டோர் எதிரே வந்தார். "என்னப்பா, நீயும் சேத்துட்டியா? எல்லாரும் சேத்துட்டாங்க!" என்று முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்ன பொய்யில இருவது பிள்ளைங்களுக்கு எடம் கெடச்சிருக்கு. புண்ணியம்தான் போங்க" என்றாள்.

வேறு வகுப்புகளும் அதற்குள் நிறைந்துவிட்டன. கடைசியில் தஞ்சோங் காராங் போகும் வழியில் ஒரு நாசி லெமாக் சாப்பாட்டுக் கடைத் தூணில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். வயல்காட்டு ஓரத்து மண்டபத்தில் காலை நேரப் பூப்பந்துப் பயிற்சி. நடத்துபவர் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை. இடம் இருந்தது. அங்கேயே நின்று போன் போட்டுப் பெயர் கொடுத்தேன்.

"தெரிஞ்சவங்க இருப்பாங்களா?" என்று கேட்டாள் மகள்.

"இருப்பாங்க" என்றேன். என் இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொன்னபோது இருந்த சந்தோஷம் இதில் இல்லை.

மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். முதல் நாள் அவள் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு முகமும் தெரியவில்லை. மட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் வீடு திரும்பும்வரை எழவில்லை. "இருப்பாங்கன்னு சொன்னீங்க" என்று காரில் ஒரே ஒரு முறை சொன்னாள். அதட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் நாளும் அப்படியே. ஆசிரியை வந்து மகளைக் கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் இங்கே இருக்கும்வரை அவள் எழமாட்டாள்" என்று மலாயில் சொன்னார். நான் வாசலுக்குப் போனேன். மகளும் வாசலுக்கு வந்தாள். நான் கார் அருகே போனேன். அவளும் வந்தாள். நாளைக்கும் இப்படியென்றால் பெயரை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். மேலாளரிடம் எந்த முகத்தோடு போய்க் கெஞ்சுவது என்று கண்ணாடி முன் நின்று பழகிக்கூடப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நாங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். வரப்புச் சாலையில் ஒரு காலி லோரி ஆடி ஆடி வந்தது. மகள் என் கையை விட்டாள்.

"அப்பா! நாப்பத்தி ரெண்டு!"

"என்ன நாப்பத்தி ரெண்டு?"

"ஆலைக்குக் காலைல மொத ஆளா வர்ற லோரிப்பா! கடைசி நம்பர் நாப்பத்தி ரெண்டு!"

எனக்கு லோரி எல்லாம் லோரிதான். அது மண்டப வாசலில் நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எனக்குத் தெரிந்த மலாய் பெரியவர் இறங்கினார், பீசாங் கோரெங் வாங்கி வருகிறவர்களில் ஒருவர். மறுபக்கக் கதவிலிருந்து மட்டையோடு ஒரு சிறுமி குதித்தாள்.

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. என் மகளைப் பார்த்து, "ஓ, கிராணி கெச்சில்!" என்று கத்தினார். சின்னக் கிராணி என்று அர்த்தம். போன வருடம் முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிட்டார், அவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் வாய் திறந்தாள். "பாக்சிக், பழம் எங்கே?" என்று மலாயில் கேட்டாள். பாக்சிக் என்றால் மாமா. அவள் வெளியாள் ஒருவரிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் பேத்தி காய்ச்சலால் இரண்டு நாள் வரவில்லை என்றார். பேத்தியிடம், "இவள் நம் லோரியை நம்பரை வைத்தே கண்டுபிடிப்பாள்" என்று என் மகளைக் காட்டினார். அந்தச் சிறுமி நம்பவில்லை. "தாத்தாவிடம் இன்னொரு லோரி இருக்கிறது. அதன் எண் என்ன?" என்றாள். என் மகள் சொன்னாள். இருவரும் உள்ளே போனார்கள்.

நான் பின்னாலேயே நான்கு அடி வைத்தேன். மகள் திரும்பினாள்.

"அப்பா, பாக்சிக் லோரி பழம் ஏத்திக்கிட்டு ஆலைக்குப் போவும். நீங்க இல்லாம யாரு எடை போடுவா?"

"நான் லீவுலம்மா."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

போனேன். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி ஆசிரியைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாவது முறை எடுத்து, "உங்கள் மகள் விளையாடிக்கொண்டிருக்கிறாள், பேச நேரமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.