துண்டுக்கு வெளியே சொன்ன விலை

"வியாபாரத்தைக் காலேஜில் போய்ப் படிப்பார்களா?" என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஐம்பதுகளில், கம்பம்மெட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவரின் மகளான நான் எர்ணாகுளத்தில் பி.காம். சேர்ந்தபோது சித்தப்பா கேட்டது அது. "ஏலக்கா விக்க மூக்கும் விரலும் போதும். டிகிரி எதுக்கு?"

எங்கள் பக்கம் அப்போது விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்துப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். விலை ரகசியமாக இருக்கிறது என்று தோட்டக்காரர்களுக்குப் பெருமை வேறு. பக்கத்துத் தோட்டத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல் விற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு விற்பதுதான் என்று இரண்டாம் வருஷப் பாடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் சொன்னேன். யார் கேட்டார்கள்?

அந்த டிசம்பர் லீவில் காய் உலர்த்தும் ஸ்டோரின் படியில் வழுக்கி அப்பா காலை முறித்துக்கொண்டார். சரக்கு மூட்டையில் தயாராக இருந்தது.

"வியாபாரம் படிச்ச பிள்ளை இருக்கே, அது வித்துட்டு வரட்டும்" என்று சித்தப்பா குத்தினார்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போயிட்டு வா. போன வருச விலைக்குக் குறையாம வித்தா கடைசி வருசம் வரைக்கும் படி. இல்லேன்னா தையில கல்யாணம்" என்றார்.

ஏலக்காய் வியாபாரிகள் கூடும் ஜங்ஷனுக்கு மூட்டைகளோடு ஜீப்பில் போய் இறங்கினேன். தரகர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினார். "வா தாயி, கையக் குடு." கூட்டம் கொல்லென்று சிரித்தது. வயசுப் பெண் அந்நிய ஆணின் கையைப் பிடிக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

துண்டை உருவினேன். தரையில் விரித்து அதன்மேல் இரண்டு படி காயைக் கொட்டினேன். "சரக்கு இந்தா கெடக்கு. வேணுங்கறவங்க விலையை வாயால சொல்லுங்க."

இரண்டு மூன்று பேர் வேறு மூட்டைகளைப் பார்க்க நகர்ந்தார்கள். அடுத்த ஜீப்பில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நகரவில்லை. கடைசியில் போடியிலிருந்து வந்த ஒரு வியாபாரி குனிந்து ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டு மெல்ல ஒரு விலை சொன்னார். அது போன வருஷ விலைதான். காதில் விழுந்ததும் இன்னொருவர் ஏற்றிக் கேட்டார். அதற்குமேல் தரகரே கேட்டார். கையைப் பிடித்திருந்தால் இந்த மூன்று விலையில் எனக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கும்.

வீடு திரும்பியபோது அப்பா கட்டிலில் படுத்திருந்தார். வாசலில் சித்தப்பா. அப்பா பழக்கதோஷத்தில் மேல்துண்டால் கையை மூடி என் பக்கம் நீட்டினார்.

நான் விரலைத் தொடவில்லை. வாசல்வரை கேட்கும்படி விலையைச் சத்தமாகச் சொன்னேன்.

அப்பா துண்டை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். "காலேஜ் என்னைக்குத் தொறக்குது?" என்று கேட்டார், அதுவும் சித்தப்பாவுக்குக் கேட்கும்படி.