மேஜையைத் தட்டிய ரெய்லீன்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் ரெய்லீன் ஸ்டப்ஸிடம் முடி வெட்டிக்கொள்ளாத பெண்கள் குறைவு. இருபத்திரண்டு வருடம் ஒரே சலூன், ஒரே நாற்காலி. கத்தரியைப் பிடித்தால் கை அப்படி ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும். அதெல்லாம் ஊசிக்கு முன்னால்.

ஆறு வருடமாகப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊசி. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. மனநலத் தீர்ப்பாயம் போட்ட கட்டாய ஆணை அது. போகாவிட்டால் போலீஸ் வண்டி வாசலில் வந்து நிற்கும். ஊசியோடு கைநடுக்கமும் வந்து சேர்ந்தது. ஒருநாள் ஒரு டீச்சரம்மாவின் காது நுனியில் கத்தரி பட்டுவிட்டது. "பரவாயில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். இப்போது அதே சலூனில் ரெய்லீன் தலை அலசிவிடுகிறாள், கீழே கிடக்கும் முடியைக் கூட்டுகிறாள்.

மருந்தே வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கையை நடுங்க வைக்காத மருந்தாக டாக்டரோடு உட்கார்ந்து பேசித் தானே முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஜூலையில் ஆணை முடிகிறது. தீர்ப்பாயம் நீட்டாமல் விட்டால் கத்தரியைத் திரும்ப எடுக்கலாம்.

அந்த வருடம் பார்த்துத்தான் மாநில அரசுக்கு ஞானோதயம் வந்தது. மனநலச் சட்டத்தைத் திருத்தி எழுதப் போகிறார்களாம். சிகிச்சையை அனுபவித்தவர்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டார்களாம். அதற்கான ஆலோசனைக் குழுவில் ரெய்லீனையும் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை மெல்போர்னுக்கு ரயில். சுவரெங்கும் மஞ்சள் ஒட்டுச் சீட்டுகள், தட்டு நிறைய சாண்ட்விச், மூலையில் டாம்சின் என்றொரு பெண். வந்தவர்கள் மனம் நொந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சேரும்போது ஒரு படிவம் கொடுத்தாள்: எந்த மருத்துவமனையில் சிகிச்சை, எந்த டாக்டர்? ரெய்லீன் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் நிரப்பினாள். பக்கத்தில் இருந்த டெஸ், பழைய லாரி டிரைவர், ஐந்து முறை ஆஸ்பத்திரி பார்த்தவன், அந்த இடத்தில் தன் பல் டாக்டர் பெயரை எழுதி வைத்தான்.

"நிஜத்தையா எழுதின? அட லூசே!" என்றான்.

"நீதான்டா லூசு. நம்மள மதிச்சுக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள்.

நான்காவது கூட்டத்தில், நோயாளியைத் தனி அறையில் பூட்டுவது பற்றிய பிரிவு வந்தது. 'கடைசி வழியாக மட்டும் பூட்டலாம்' என்று வரைவில் இருந்தது.

"ரெய்லீன், நீங்க அனுபவப்பட்டவங்க. பூசி மெழுகாம சொல்லுங்க," என்றார் தலைவர்.

கேட்டாரே, பாவி மனிதர்! ரெய்லீன் எழுந்தாள்.

"பத்தொம்பது மணி நேரம் பூட்டி வச்சாங்க. மாதவிலக்கு எனக்கு. துணி கேட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போனாங்க, ஒருத்தியும் தொறக்கல. என் ஆஸ்பத்திரித் தாள்ல என்ன காரணம் எழுதினாங்க தெரியுமா? 'கடைசி வழி'ன்னுதான் எழுதினாங்க! இத மறுபடியும் சட்டத்துல எழுதுவீங்களா? எழுதுவீங்களாய்யா?"

மேஜையை ஓங்கித் தட்டினாள். தேநீர்க் கோப்பை உருண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாம்சின் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"வீட்டுல தனியாவா இருப்பீங்க, ரெய்லீன்? தூக்கம் எல்லாம் வருதா?"

"எனக்கென்னம்மா, இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன்!"

அவள் ரயிலேறியதும் டாம்சின் ஒரு படிவத்தை எடுத்தாள். கூட்டத்தில் யாராவது அழுதாலோ சத்தம் போட்டாலோ அவரவர் மருத்துவமனைக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அக்கறைக்காகவாம்! விதி அது. நல்ல பெண்தான், கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஜூலையில் தீர்ப்பாயம் கூடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டாக்டர் வாசித்தார்: "பொது இடத்தில் குரலை உயர்த்தினார். மேஜையை அடித்தார். பழைய சம்பவத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்."

ரெய்லீனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"அது கூட்டங்க! பேசுன்னு அவங்கதான கூப்பிட்டாங்க! எல்லாரும் கைதட்டினாங்க, கேட்டுப் பாருங்க!"

"அமைதியா உக்காருங்க, ரெய்லீன்," என்றார் நடுவில் இருந்தவர். மூவரில் ஓரத்தில் இருந்த பெண்மணி எதையோ குறித்துக்கொண்டார்.

ஆணை இன்னும் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

அன்று மாலை டாம்சின் போனில் அழுதாள். "சத்தியமா இப்படி ஆகும்னு நினைக்கல ரெய்லீன், உங்க நல்லதுக்குத்தான் அனுப்பினேன்." அவளைத் தேற்ற வேண்டிய வேலையும் ரெய்லீன் தலையில் விழுந்தது. "விடும்மா, அழாத" என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கூட்டத்துக்கும் போனாள். அதே பிரிவு திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் விடவில்லை, 'கடைசி வழி' அப்படியே நின்றது. தலைவருக்கே மனசு கேட்கவில்லை போலும்.

"ரெய்லீன், உங்களுக்கு இதுல ஆட்சேபணை இருந்தா இப்பச் சொல்லுங்க. நாங்க திருத்தறோம்."

அறை முழுக்க அவளைப் பார்த்தது. டாம்சினும் பார்த்தாள். ரெய்லீன் நடுங்கும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க. நல்லா எழுதியிருக்கீங்க."

பிரிவு ஒரே நிமிடத்தில் நிறைவேறியது.

வெளியே வந்ததும் டெஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத எடுத்திருப்பாங்களே!"

"தெரியும்டா," என்றாள் ரெய்லீன். "சொன்னா எனக்குப் பைத்தியம்னு எழுதுவாங்க. சொல்லலைன்னா குணமாயிடுச்சுன்னு எழுதுவாங்க. எனக்கு என் கை வேணும்."