படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல்

எதிரில் நிற்பவர் தொண்டையைச் செருமினாலே கழுத்தளவு சொல்லிவிடும் தையற்காரர் ஒருவர் இருந்தார். தொலைபேசியில் செருமியவருக்குக்கூடத் தைத்துக் கொடுத்தாராம், சட்டை கச்சிதமாக இருந்ததாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் கழுத்தைப் பொறுத்தது. அவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் காலங்குலம். தோளில் கால் அங்குலம் பிசகினால் முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டு மறுபடி தைப்பார். சட்டை அற்புதமாக வரும். என்ன, கல்யாணத்துக்குக் கொடுத்த துணி பிள்ளை பிறந்த பிறகு வரும்.

வீட்டுக் குளியலறையும் அப்படித்தான் ஆயிற்று. மாடிக் குளியலறைக்குப் பதினாறு படி ஏறி இறங்க முடியவில்லை, கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒன்று வேண்டும் என்று மனைவி கேட்டு நான்கு வருடம். அவளே கடைக்குப் போய் வெளிர்பச்சை டைல் பெட்டிகளை வாங்கி வந்து இறக்கியும் வைத்தாள். காலங்குலம் வாரம் ஒரு முறை நாடாவை எடுத்து அந்த இடத்தை அளப்பார். அளந்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அந்த நாளை வருவதற்குள், போன மாதம் ஈரக் காலோடு இறங்கியவள் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள்.

எலும்புக்குத் தகடு வைத்த மருத்துவர், மூன்று மாதம் படி ஏறக் கூடாது என்றார். மனைவி மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "என்னங்க, நான் வர்றப்ப கீழ தண்ணி வரணும். இல்லேன்னா நேரா தம்பி வீட்டுக்குப் போயிடுறேன். கூப்பிட வராதீங்க."

கத்திச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்கமாட்டார். அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

தம்பி என்பவர் கட்டட மேற்பார்வையாளர். பேனா வைக்கும் பையில் சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். எதைக் கண்டாலும் அதன்மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். அதனால் அவர் பெயரும் ரசமட்டம். ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். இவரோ ஆட்டத்தைப் பார்க்காமல் கூடத்தை மட்டும் அளப்பவர். அக்காளின் கல்யாணத்திலேயே, மாப்பிள்ளை நிற்பது அரை அங்குலம் சாய்வு என்றவர்.

டைல் ஒட்ட முதலில் ஒரு மேஸ்திரி வந்தார். முழு டைல்களையெல்லாம் அவர்தான் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நின்று காலங்குலம் நாடாவை நீட்டினார். மூன்றாம் நாள் மேஸ்திரி கரண்டியை அவர் கையில் கொடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நீங்களே ஒட்டிக்குங்க. இன்னும் ஒரு நாள் இருந்தா எனக்குத் தெரிஞ்ச தொழிலும் மறந்துடும்."

மிச்சம் இருந்தவை வெட்டு டைல்கள். படிக்கட்டின் அடிவயிறு சாய்வாக இறங்குகிறதே, அதை ஒட்டி, தலையைச் சாய்த்து வெட்ட வேண்டியவை ஒன்பது. எட்டுக்கு மேஸ்திரி பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். கோட்டின்மேல் வெட்டி, எட்டையும் காலங்குலம் தானே ஒட்டிவிட்டார். ஒன்பதாவதுக்குக் கோடு இல்லை. சாய்வும் உண்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய்க்கு ஓட்டையும் வேண்டும். அது ஒட்டாமல் குழாயில் திறந்து மூடும் திருகு மாட்ட முடியாது. திருகு இல்லையென்றால் தண்ணீர் இல்லை. கையில் இருந்த முழு டைல் இரண்டே. நான்கு வருடத்துக்கு முந்தைய பச்சை. எந்தக் கடையிலும் இப்போது இல்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று பகல் ஒன்றரை மணிக்கு ரசமட்டம் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "மச்சான், அக்காவ அனுப்பிட்டாங்க. வண்டி உங்க வீட்டுக்கா, எங்க வீட்டுக்கா?"

"இங்கதான் மாப்பிள்ளை. எல்லாம் ரெடி."

"ரெடின்னா முடிஞ்சிருச்சா, முடியப் போகுதா?"

காலங்குலம் போனை வைத்துவிட்டார்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு எடுத்து வந்து, வெட்டும் சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பசையைக் குழைக்கச் சொன்னார். இருபது நிமிடத்தில் இறுகும் ரகம். பிறகு சுவரை அளந்தார், முதல் டைலில் கோடு போட்டார், வெட்டினார். வெட்டு நூல் பிடித்தாற்போல வந்தது. தூக்கிச் சுவரில் வைத்தார்.

டைலின் உயரமான பக்கம் தாழ்ந்த இடத்தில் இருந்தது. தாழ்ந்த பக்கம் உயரமான இடத்தில்.

மகள் டைலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, எந்தப் பக்கத்துல கோடு போட்டீங்க?"

அவர் திருப்பினார். கோடு பின்பக்கத்தில் இருந்தது. நாற்பது வருடமாகத் துணியின் உள்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை, டைலையும் தானாகக் கவிழ்த்துவிட்டிருந்தது.

"துணின்னா திருப்பிப் போட்டுக்கலாம்," என்றாள் மகள்.

"தெரியுதும்மா."

"பசை இறுகுது."

"அதுவும் தெரியுது."

மிச்சம் ஒரு டைல், இரண்டு கை பசைப் பொடி. காலங்குலம் சட்டைக்கு வெட்டும் தாளை எடுத்து வந்து சுவரில் அழுத்தி, சாய்வையும் குழாய் வட்டத்தையும் விரல் நகத்தால் பதித்து எடுத்தார். தாளின் முகத்தில் பெரிதாக 'நல்ல பக்கம்' என்று எழுதினார். சாய்வு இனித் தவறாது. ஆனால் ஓட்டை? விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம்கூட இல்லை. கெட்டுப்போன டைலில் அதே இடத்தில் துளையிட்டுப் பார்த்தார். பாதி வட்டம் இறங்கியதும் 'டக்' என்றது. ஓட்டையிலிருந்து விளிம்புவரை உடைந்து கையோடு வந்தது.

போன் அடித்தது. மகள் எடுத்தாள். "பாலம் தாண்டிட்டாங்களாம்பா. இன்னும் கால் மணி நேரமாம்."

காலங்குலம் தரையில் உட்கார்ந்து கடைசி டைலை மடியில் வைத்துக்கொண்டார்.  மனைவி அந்த வீட்டுக்குப் போவாள். தம்பி தரையெல்லாம் மட்டம் பார்த்துக் கட்டிய வீடு. வழுக்காது. போனவள் திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

கண் எதிரே, கதவில் அவருடைய சட்டை தொங்கியது. அதன் கழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, சட்டைக்குக் கழுத்து ஓட்டை எப்படி வருது?"

"இப்பவா கேக்கணும் அதை?"

"யாரும் துணியில துளை போடுறதில்ல. முன் துண்டுல பாதி, பின் துண்டுல பாதி. சேர்த்தா கழுத்து." தாளை வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாகக் கத்தரித்தார். "நடுவுல ஒரு தையல் தெரியும்."

"நீங்களா? கால் அங்குலத்துக்குச் சட்டையைப் பிரிச்ச ஆளா?"

"தண்ணிய ஊத்து."

சக்கரம் அலறியது. சாய்வை வெட்டினார், பிறகு டைலை நெடுக இரண்டாக வெட்டினார். நெஞ்சையே வெட்டுவதுபோல இருந்தது. இரண்டு துண்டின் ஓரத்திலும் சின்னச் சின்னக் கீறலாகப் போட்டு, குறட்டால் பல் பிடுங்குவதுபோல ஒவ்வொன்றாகக் கொறித்து, அரை வட்டம் எடுத்தார். மகள் கடைசிப் பசையைச் சுவரில் வாரி அப்பினாள். இடது துண்டு, வலது துண்டு. குழாயின் கழுத்தில் காலர் போல உட்கார்ந்தன. வட்டத் தகட்டைச் செருகித் திருகை மாட்டும்போது வாசலில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ரசமட்டம்தான் முதலில் உள்ளே வந்தார். அக்கா பின்னால் ஊன்றுகோலில் வந்தாள். தம்பி பையிலிருந்த ரசமட்டக் கருவியை எடுத்து டைல்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்க வேண்டும். விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அந்த நெடுங்கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மச்சான், இதென்ன ஒட்டு? முழு டைல் கிடைக்கலயா?"

காலங்குலம் வாயைத் திறந்தார். மனைவி குனிந்து, கோட்டின்மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள். நன்றாகத் தெரிகிற கோடு. அதைவிடச் சின்னதுக்காக இந்த மனிதர் எத்தனை சட்டையைப் பிரித்திருக்கிறார் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"தையல் இல்லாம இருந்தா அது போர்வைடா," என்றாள் தம்பியிடம். "போய் வண்டியில என் பையை எடுத்துட்டு வா."

ரசமட்டம் போனார். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "கடைசியில செஞ்சீங்களே, நாலு வருஷம் என்ன பண்ணீங்க?"

"அளந்துக்கிட்டிருந்தேன்."

"நல்லா அளந்தீங்க." ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. காலங்குலம் ஊன்றுகோலைப் பிடித்தபடி வெளியே நின்றார். திருகு ஒரு முறை கிரீச்சிட்டது, குழாய் இருமியது. பிறகு வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.